பிரசங்க மேடையும் பாவசங்கீர்த்தனத் தொட்டியும்

ஒரு பங்கில் மிஷன் நடைபெறுகின்றது என்றால், நம் கண்ணுக்கு முதலில் தோன்றுவன யாவை? தோரணமும் கொடியும், மாலைதோறும் நிரம்பி வழியும் ஆலயம், மேடைமேல் நின்று முழங்கும் வெளியூர்க் குருவானவர், இறுதி நாளில் மக்கள் விளக்கேந்திச் செல்லும் பவனி. மிஷன் முடிந்தபின் ஊரார் பேசிக்கொள்வதும் இவற்றைப் பற்றியே. ‘பிரசங்கம் எத்துணை உருக்கம்! கூட்டம் எத்துணைப் பெரிது!’ என்பர். ஆலயத்தின் ஒரு மூலையில், மங்கிய விளக்கின் அருகே, மரத்தாலான தொட்டியொன்றில் என்ன நடந்தது என்பதைப் பற்றி எவரும் பேசார், பேசுதற்கும் இயலாது. ஆயினும் மிஷன் என்னும் பெருமுயற்சியின் உயிர்நிலை அம்மூலையிலேயே உள்ளது என்பதும், மேடை அதற்குச் செல்லும் வாயில் என்பதும், வாயிலையே வீடெனக் கொள்ளும் மயக்கம் இந்நாளில் மிகுந்து வருகின்றது என்பதும் எம் கருத்து. அதனை நேயர்முன் வைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் கல்லூரியில் பல சமயத்தாரும் பயில்கின்றனராதலின், சொற்பொருளை முதற்கண் விளக்குதல் முறையாம். ஈண்டு மிஷன் என்றது, கிறிஸ்தவம் அறியாத நாடுகளுக்குச் சென்று வேதம் போதிக்கும் தொண்டினை அன்று. முன்னரே கத்தோலிக்க மக்கள் வாழும் ஒரு பங்கினுள், அப்பங்கைச் சேராத குருமார் சிலர் வந்து, சில நாளோ சில வாரமோ தங்கி, காலையும் மாலையும் பிரசங்கித்து, ஞானோபதேசம் கற்பித்து, மக்களின் பக்தியைப் புதுப்பிக்கும் முயற்சிக்கே அப்பெயர். பாவசங்கீர்த்தனம் என்பது, ஞானஸ்நானம் பெற்ற ஒருவன் அதன்பின் கட்டிக்கொண்ட பாவங்களைக் குருவின் செவியில் தன் வாயால் வெளியிட்டு, ஆண்டவர் பெயரால் மன்னிப்புப் பெறுதலாம். அதற்கு வேண்டிய காரியங்கள் ஐந்து என்று நம் சிறுவர் ஞானோபதேசத்தில் படிக்கின்றனர்: ஆத்துமசோதனை செய்தல், பாவங்களுக்காக மனஸ்தாபப்படுதல், இனிப் பாவஞ் செய்வதில்லை என்று உறுதி கொள்ளுதல், குருவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுதல், அவர் விதிக்கும் அபராதத்தைத் தீர்த்தல். இவ்வைந்தனுள் ஒன்றேனும் மேடையில் நிற்கும் பிரசங்கியாரால் பிறர்பொருட்டுச் செய்துவிடக் கூடியதன்று என்பதை நேயர் மனத்துட் கொள்க.

இனி, மிஷனுக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் உள்ள உறவு எவ்வாறு தோன்றிற்று என்பதைக் காண்போம். 1215-ம் ஆண்டில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், பகுத்தறியும் பருவமடைந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் சொந்தக் குருவினிடம் பாவசங்கீர்த்தனம் செய்தல் வேண்டும் என்று கட்டளையிட்டது. வேறொரு குருவினிடம் செய்ய விரும்புவோர், தம் சொந்தக் குருவின் அனுமதியை முன்னர்ப் பெறுதல் வேண்டும் என்றும் அச்சங்கம் விதித்தது. மந்தையை அறிந்த மேய்ப்பனே அதன் நோயையும் அறிதல் வேண்டும் என்னும் நல்லெண்ணமே அவ்விதியின் அடிப்படை. ஆனால், சிற்றூர் வாழ்க்கையை அறிந்தார் அதன்கண் உள்ள இடர்ப்பாட்டையும் அறிவர். நாள்தோறும் தெருவில் எதிர்ப்படுகின்றவர், தன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், தன் வீட்டுத் திருமணத்தில் பந்தியில் அமர்ந்தவர் ஆகிய ஒருவரிடம், ‘நான் இன்னது செய்தேன்’ என்று சொல்ல எத்தனை பேர்க்குத் துணிவு உண்டு? ஊரில் நல்லவன் எனப் பெயர் பெற்றவனுக்கோ அத்துணிவு இன்னும் அரிது. நற்பெயரே அவன் நாவுக்குப் பூட்டாகிவிடும்.

இவ்வுண்மையை உலகறியச் செய்தது 1617-ம் ஆண்டு சனவரித் திங்களில் பிரான்சு நாட்டில் நிகழ்ந்த ஒரு செய்தி. அக்காலத்தில் அர்ச். வின்சென்ட் தே பவுல், கோந்தி என்னும் பெருங்குடியினரின் இல்லத்தில் குருவாய் இருந்தார். பிக்கார்டி நாட்டில், கான் என்னும் சிற்றூரில், முதியவனொருவன் மரணப் படுக்கையில் கிடந்தான். குடியானவனாகிய அவன் ஊராரால் நல்லவன் என மதிக்கப்பட்டவன். வின்சென்ட் அவனை அணுகி, வாழ்நாள் முழுதும் செய்த பாவங்களை ஒருங்கே நினைந்து சொல்லும் பொதுப் பாவசங்கீர்த்தனம் செய்யுமாறு தூண்டினார். அவனும் இசைந்தான். ஆண்டுதோறும் சங்கீர்த்தனத்துக்குச் சென்றும், நாணத்தால் மறைத்து வைத்த பெரும் பாவங்கள் பல அவன் உள்ளத்தில் அடைந்து கிடந்தன. அவற்றை வெளியிட்டபின் அவன் அடைந்த ஆறுதலுக்கு எல்லையில்லை. தான் இவ்வாறு செய்திராவிடின் நித்திய நரகத்துக்கே ஆளாகியிருப்பேன் என்று கோந்தி சீமாட்டியாரின் முன்னிலையிலேயே அவன் வாய்விட்டுச் சொன்னான். சில நாட்களில் அமைதியுடன் உயிர் துறந்தான்.

நல்லவன் எனப்பட்டவன் நிலையே இதுவாயின், மற்றையோர் நிலை என்னாம் என்று அச்சீமாட்டியார் கலங்கினார். அவர் வேண்டுகோளின்படி, சனவரி 25-ம் நாள், அர்ச். சின்னப்பர் மனந்திரும்பிய திருநாளில், போல்வீல் ஆலயத்தில் வின்சென்ட் பொதுப் பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். அதன் அவசியம் யாது, அதனை நன்கு செய்வது எவ்வாறு என்பனவே அவர் எடுத்துக்கொண்ட பொருள். விளைவு யாதெனின், சங்கீர்த்தனத்துக்கு வந்த கூட்டத்தைத் தாங்க அவராலும் உடனிருந்த குருவாலும் முடியாமல், அமியேன் நகரிலிருந்து சேசு சபைக் குருமாரைத் துணைக்கு அழைக்க வேண்டியதாயிற்று. அன்று ஆற்றிய பிரசங்கமே தம் மிஷனின் முதற் பிரசங்கம் என்று பிற்காலத்தில் அவர் கூறி வந்தார். 1625-ம் ஆண்டு ஏப்ரல் 17-ம் நாள் கோந்தி குடும்பத்தாருடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் மிஷன் சபை தோன்றிற்று. ஏழைக் குடியானவர் வாழும் ஊர்களில் மிஷன் நடத்துதலே அதன் தொழில். மக்களிடம் அதற்காக ஒரு காசும் பெறலாகாது என்பது விதி.

இச்செய்தியில் நாம் நோக்கற்பாலது ஒன்றுண்டு. முதலிற் பிறந்தது பிரசங்கமன்று. ஒரு கிழவனின் பாவசங்கீர்த்தனமே. அதனைக் கண்ட பின்னரே பிரசங்கம் எழுந்தது. பிரசங்கத்தின் பொருளும் பாவசங்கீர்த்தனமே. பிரசங்கம் முடிந்தபின் மக்கள் சென்று சேர்ந்த இடமும் அதுவே. துணைக்கு அழைக்கப்பட்ட குருமாரும் பேசுதற்கு அழைக்கப்படவில்லை, கேட்டற்கே அழைக்கப்பட்டனர். மிஷன் என்னும் மரத்தின் வித்தும் கனியும் ஒன்றேயாதல் இதனால் விளங்கும். மற்றொரு செய்தியும் உண்டு. தம் ஊர்க் குரு ஒருவர் பாவமன்னிப்புக்குரிய வாசகத்தைக் கூட அறியாமல் எதையோ முணுமுணுத்ததை அச்சீமாட்டியாரே கண்டு வின்சென்டுக்கு அறிவித்தார் என்பர் வரலாற்றாசிரியர். ஆகவே மிஷன், மக்களின் குறையை மட்டுமன்றிக் குருமாரின் குறையையும் வெளிப்படுத்திற்று. குருமாணாக்கர்க்குப் பயிற்சி அளிக்கும் பணியைப் பின்னர் அச்சபை மேற்கொண்டதும் இக்காரணம் பற்றியேயாம்.

ஆதலின் மிஷன் ஒரு பங்குக்குக் கொண்டுவருகின்ற தனிப்பெருங் கொடை யாது என்று எம்மைக் கேட்பின், ‘அயலார் செவி’ என்றே விடை கூறுவோம். சொற்பொழிவாற்றுதற்குப் பங்குக்குருவே போதும்; பல இடங்களில் அவர் வந்தவரினும் நன்றாகவே பேசுவார். ஆனால், இன்று வந்து நாளை செல்பவராய், தன் குலமும் வீடும் அறியாதவராய், மீண்டும் தெருவில் எதிர்ப்படாதவராய் இருக்கும் ஒருவரின் செவியைப் பங்குக்குரு தாமே தருதல் இயலாது. திருச்சபையின் சட்டமும் இதனை உணர்ந்தே நடந்து வந்துள்ளது. 1917-ம் ஆண்டில் வெளியான சட்டத் தொகுதி, பத்தாண்டுக்கு ஒருமுறையேனும் பங்குகளில் மிஷன் நடைபெறுமாறு மேற்றிராணிமார் கவனித்தல் வேண்டும் என்றது. அதனோடு அமையாது, மேற்றிராணியார் தமக்கென ஒதுக்கி வைத்திருந்த பாவங்களையும், மிஷன் நடைபெறும் காலத்தில் மிஷன் குருமாரே மன்னிக்கலாம் என்றும் அதிகாரம் தந்தது. 1983-ம் ஆண்டுச் சட்டத் தொகுதி, தகுந்த அதிகாரம் பெற்ற எந்தக் குருவினிடமும் தாம் விரும்பியவாறு பாவசங்கீர்த்தனம் செய்யும் சுதந்தரம் விசுவாசிகளுக்கு உண்டு எனத் தெளிவாகக் கூறுகின்றது. 2016-ம் ஆண்டு விபூதித் திருநாளில் பிரான்சிஸ் பாப்பானவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட குருமாரை ‘இரக்கத்தின் மிஷனரிகள்’ என்னும் பெயரால் அனுப்பி, திருப்பீடத்துக்கென ஒதுக்கப்பட்ட சில பாவங்களையும் மன்னிக்கும் அதிகாரத்தை அவர்களுக்கு அளித்ததும் இவ்வழிப்பட்டதே. பூட்டு எங்கே இறுகிற்றோ அங்கே திறவுகோலையும் அனுப்புதல் தாயின் செயலன்றோ?

இனி, மேடைக்கும் தொட்டிக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறிது நுணுகி நோக்குவோம். மேடையிலிருந்து வருஞ் சொல் எல்லார்க்கும் பொது. ‘நாம் பாவிகள்’ என்று பிரசங்கியார் கூறுங்கால், ஆயிரம் பேரும் ஒருமிக்கத் தலையசைப்பர். அந்த ‘நாம்’ என்னுஞ் சொல்லின் நிழலில் ஒவ்வொருவனும் எளிதாக ஒதுங்கிக்கொள்வான். பொய்ச்சாட்சியைப் பற்றிப் பிரசங்கம் நடந்தால் பக்கத்து வீட்டானை நினைப்பான். உலோபத்தைப் பற்றி நடந்தால் தன் மாமனை நினைப்பான். தொட்டியின் கிராதிக்கு முன் முழந்தாட்படியிடும் போதோ அந்நிழல் அகன்றுவிடும். அங்கே ‘நாம்’ இல்லை. ‘நான்’ ஒன்றே உண்டு. பிறர் குற்றத்தை அங்குச் சொல்லுதல் ஆகாது. ‘ஏமாற்றினேன்’ என்றால், யாரை, எத்துணை, எத்தனை முறை என்னும் வினாக்கள் எழும். உள்ளத்தில் மூடுபனிபோற் பரந்து கிடந்த குற்றவுணர்ச்சி, சொல்லாக வடிவெடுத்த அந்நொடியே எல்லையுடைய பொருளாகிவிடுகின்றது. எல்லையுடையதற்கே பரிகாரமும் உண்டு. திரெந்து நகரச் சங்கம் 1551-ம் ஆண்டில் மனஸ்தாபம், சங்கீர்த்தனம், பரிகாரம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று பிணைத்து உரைத்தமையின் நுட்பம் இதுவே.

பரிகாரம் என்றோம். மிஷனின் பயன் ஆலயத்துக்கு வெளியே தெரிவது இதனாலேயாம். திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமையைக் குருவானவர் தம் விருப்பம்போல் தள்ளிவிட முடியாது. பொருள் மூன்றாம் ஒருவனுடையது அன்றோ? அவதூறு சொன்னவன் கெடுத்த பெயரைச் சீர்செய்தல் வேண்டும். பகை கொண்டவன் பகையை விடுதல் வேண்டும். 1744-ம் ஆண்டில் பதினான்காம் ஆசீர்வாதப்பர் என்னும் பாப்பானவர், போர்ட் மோரிஸ் ஊரினரான அர்ச். லியோனார்டைக் கோர்சிக்காத் தீவுக்கு மிஷன் நடத்த அனுப்பினார். அத்தீவு ஜெனோவாவின் ஆட்சிக்கு எதிரான கலகத்தாலும், குடும்பத்துக்குக் குடும்பம் பழிவாங்கும் வழக்கத்தாலும் சிதைந்து கிடந்தது. அங்கே சென்ற பிரான்சிஸ்கு சபைத் துறவியாகிய அவர், பழிக்குப் பழி என்று நின்றோரைச் சமாதானப்படுத்துதலையே தம் மிஷனின் முதற்பணியாகக் கொண்டார். நாற்பது ஆண்டுக்கு மேல் மிஷன் தொண்டிலேயே காலங்கழித்த அவரை 1923-ம் ஆண்டில் பதினோராம் பத்திநாதர் பங்கு மிஷன்களுக்குப் பாதுகாவலராக நியமித்தது பொருத்தமே. பகைவனைத் தழுவாத கை நற்கருணைப் பந்தியை அணுகலாகாது என்பதைப் பொதுவில் எடுத்துரைப்பது மேடை. அந்தக் கை யாருடையது என்று கண்டு அதனை நீட்டச் செய்வது தொட்டி.

நாம் கொண்ட கருத்துக்கு மறுப்புக் கூறுவாரும் உளர். அவர் கூற்றை ஆராயாது விடுதல் நேர்மையன்று.

முதலாவது, மிஷன் என்பது அச்சத்தை விதைத்து மக்களைச் சங்கீர்த்தனத்துக்கு ஓட்டும் முறை என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. மரணம், நடுத்தீர்வை, நரகம் ஆகியவற்றைப் பற்றிய பிரசங்கங்கள் பழைய மிஷன்களில் மலிந்திருந்தன. அச்சத்தால் உந்தப்பட்டு வந்தவனைத் தொட்டியிலும் அச்சமே வரவேற்குமாயின் கேடு இரட்டிப்பாகும். ஜான்செனியர் எனப்பட்டவர் கடுமையே புண்ணியமெனக் கொண்டு பாவமன்னிப்பைத் தாமதித்து, பல ஆன்மாக்களை நம்பிக்கையிழக்கச் செய்தனர். இந்நோய்க்கு மருந்து தந்தவரும் ஒரு மிஷன் குருவே. நேப்பிள்ஸ் நாட்டு அர்ச். அல்போன்ஸ் லிகோரியார் முதலில் வழக்கறிஞராய் இருந்தவர். 1723-ம் ஆண்டில் நீதிமன்றத்தைத் துறந்தார். 1732-ம் ஆண்டு நவம்பர் 9-ம் நாள் ஸ்காலா என்னும் ஊரில் திவ்விய இரட்சகர் சபையைத் தோற்றுவித்து, மலைநாட்டு ஆட்டிடையர்க்கும் உழவர்க்கும் மிஷன் நடத்தினார். அவர்களின் சங்கீர்த்தனங்களைக் கேட்டுக் கேட்டு முதிர்ந்த அறிவே, 1748-ம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த அவரது ஒழுக்கநூலில் விளங்குகின்றது. சங்கீர்த்தனம் கேட்கும் குரு தந்தை, மருத்துவர், ஆசிரியர், நீதிபதி ஆகிய நான்கு கடமைகளை உடையவர் என்று அவர் கற்பித்தார். சட்டம் பயின்றவராயிருந்தும் நீதிபதியை முதலில் வையாது தந்தையை முதலில் வைத்த நயம் போற்றத்தக்கது. 1950-ம் ஆண்டில் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைச் சங்கீர்த்தனக் குருமாருக்குப் பாதுகாவலராக அறிவித்தார். ஆகவே, அச்சம் மிகுந்த மிஷனுக்கு மாற்றுச் சங்கீர்த்தனத்தைக் குறைத்தலன்று. அதனைத் தந்தையின் மடியாக்குதலே.

இரண்டாவது, மிஷனால் விளையும் உருக்கம் வைக்கோற்போர்த் தீப்போல் எரிந்து அணையும் என்பர். ஆரவாரத்தை மட்டும் நம்பிய மிஷன்களுக்கு இது முற்றும் பொருந்தும். 1815 முதல் 1830 வரை பிரான்சில் பூர்போன் அரசர் மீண்டும் ஆண்ட காலத்தில், நாடெங்கும் பெரும் மிஷன்கள் நடைபெற்றன. ஊர்தோறும் உயர்ந்த மிஷன் சிலுவைகள் நாட்டப்பெற்றன. அரசபக்தியும் தேவபக்தியும் ஒன்றெனக் கலந்து முழங்கின. 1830-ம் ஆண்டுப் புரட்சியில் அரசன் வீழ்ந்ததும், பல இடங்களில் மக்கள் அச்சிலுவைகளைப் பெயர்த்தெறிந்தனர். வெளியில் நாட்டியதைப் பிடுங்குவார் உண்டு. தொட்டியில் மனந்திரும்பி அயலானுக்குக் கடனைத் தீர்த்தவன் செய்ததை எந்தப் புரட்சியும் மாற்ற இயலாது. லிகோரியார் இவ்வாபத்தை முன்னரே அறிந்திருந்தார். மிஷன் நடந்து சில மாதங்கள் கழித்து, தம் குருமார் அவ்வூருக்கே மீண்டுஞ் சென்று, விழுந்தவரைத் தூக்கி, நின்றவரை ஊக்குமாறு செய்தார். விதைத்தவன் களையெடுக்கவும் வரல் வேண்டும் என்பது உழவரறிந்த நீதியே.

மூன்றாவது மறுப்பே இந்நாளில் பெரிது. சங்கீர்த்தனத்தின் இரகசியம் கொடியோருக்குப் புகலிடமாகின்றது என்பர். சிறுவர்க்கு இழைக்கப்பட்ட தீங்குகளை ஆராய்ந்த ஆஸ்திரேலிய அரச விசாரணைக் குழு, 2017-ம் ஆண்டில் வெளியிட்ட தன் முடிவறிக்கையில், இத்தகைய குற்றங்களை அறிவிக்கும் கடமையிலிருந்து சங்கீர்த்தனத்துக்கு விலக்கு இருத்தலாகாது எனப் பரிந்துரைத்தது. அவ்விசாரணையை எழுப்பிய துயரம் உண்மையானது; அதைச் சிறிதாக எண்ணுபவன் கிறிஸ்தவனாகான். ஆயினும், இரகசியத்தை மீறும் குருவைப் பதவியினின்று நீக்கிக் கடுந்தவ மடத்தில் வாழ்நாள் முழுதும் அடைத்தல் வேண்டும் என்று 1215-ம் ஆண்டுச் சங்கமே விதித்தது. அந்த முத்திரையைத் திருச்சபை இன்றளவும் தளர்த்தவில்லை. தளர்த்தின் விளைவு யாதாகும்? குற்றவாளி வாரான், தீங்குக்கு ஆளான குழந்தையும் தன் துயரத்தைச் சொல்ல அஞ்சும். 2019-ம் ஆண்டில் உரோமைப் பச்சாத்தாப நீதிமன்றம் வெளியிட்ட குறிப்பு, பிறர் செய்த தீங்குக்கு ஆளானவர் சங்கீர்த்தனத்துக்கு வந்தால், அவருடைய உரிமைகளையும் முறையிடுதற்குரிய வழிகளையும் குரு எடுத்துரைத்தல் வேண்டும் என்று வற்புறுத்துகின்றது. எம் கருத்து இது: முத்திரை, தொட்டியில் வெளியிட்டதற்கே உரியது. தொட்டிக்கு வெளியே அறிந்ததை மறைத்த மேலதிகாரிகள் அம்முத்திரையின் பின் ஒளிந்துகொள்ள இடமில்லை. அவ்வாறு மறைத்தமையே சங்கீர்த்தனத்தின் மதிப்பை உலகின்முன் குறைத்த பழி.

ஐரோப்பாவில் நிகழ்ந்தவற்றையே இதுகாறும் கூறினோம். நம் தமிழகத்தோடு இப்பொருளுக்குள்ள பழைய தொடர்பொன்றையும் இங்கு நினைவுகூர்தல் தகும். இந்திய மண்ணில் தமிழெழுத்தில் அச்சேறி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் முதலாவது, 1578-ம் ஆண்டில் கொல்லத்தில் வெளிவந்த தம்பிரான் வணக்கம். அதனை ஆக்கிய அண்டிரிக்கு பாதிரியார், சேசு சபையைச் சார்ந்து முத்துக்குளித்துறையில் அரை நூற்றாண்டு உழைத்தவர். இரண்டாண்டு கழித்து, 1580-ல் கொச்சியில், பாவசங்கீர்த்தனம் செய்வோர்க்கு வழிகாட்டும் நூலொன்றையும் அவர் தமிழில் அச்சிட்டார். தமிழெழுத்து அச்சிற் புகுந்த அக்காலத்தே இப்பொருள் பற்றிய நூலும் அச்சேறியது எதனைக் காட்டுகின்றது? பேசுதற்கு ஒருவன் மொழிபெயர்ப்பாளனை வைத்துக்கொள்ளலாம். மனப்பாடம் செய்த நூறு சொற்களைக் கொண்டும் மேடையேறலாம். ஒரு பரதவன் தன் நெஞ்சைத் திறந்து உரைப்பதைக் கேட்பதற்கோ முழு மொழியும் வேண்டும். மொழிபெயர்ப்பாளன் அங்கே நிற்றற்கும் இடமில்லை. வேற்றுநாட்டார் நம் மொழியை ஆழ்ந்து கற்றமைக்கு, கேட்கும் கடமையும் ஒரு பெருங்காரணம் என்று கருதுதல் தவறாகாது.

இனி, இந்நாளில் செய்யத் தக்கன யாவை? மேனாடுகள் பலவற்றில், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டுப் பாவசங்கீர்த்தனத்துக்கு வருவோர் தொகை பெரிதுங் குறைந்துவிட்டது. நம் நாட்டிலோ பெருந் திருநாட்களின் முன்னாளில் இன்றும் நீண்ட வரிசையைக் காண்கிறோம். ஆயினும் வரிசை நீளமாதலினாலேயே உள்ளம் ஆழமாயிற்று என்று கொள்ளுதல் இயலாது. ஒலிபெருக்கி, இசைக்குழு, பந்தல் ஆகியவற்றுக்கு வேண்டிய ஏற்பாடுகள் பல திங்களுக்கு முன்னரே தொடங்குகின்றன. சங்கீர்த்தனத்துக்கோ கடைசி நாள் மாலையில், பூசைக்கு முந்திய அரைமணி நேரம் ஒதுக்கப்படுகின்றது. இருநூறு பேர் நிற்க இருவர் கேட்கின்றனர். ஒருவனுக்கு எத்துணை நேரம் கிட்டும் என்று கணிதம் பயிலும் மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். கான் ஊர்க் கிழவன் அவ்வரிசையில் நின்றிருப்பானாயின், தன் பழைய பாவங்களை மறுமுறையும் விழுங்கிக்கொண்டே வீடு திரும்பியிருப்பான்.

ஆகவே எம் விண்ணப்பங்கள் நான்கு. மிஷனுக்கு அழைக்கப்படும் குருமாருள், பேசுவோர் ஒருவராயின் கேட்போர் ஐவராதல் வேண்டும். அவரும் அவ்வூரில் உற்றார் உறவினர் இல்லாதவராதல் நன்று. சங்கீர்த்தனம் முதல் நாள் தொடங்கியே, உழைப்பாளர் வரக்கூடிய விடியற்காலையிலும் இரவிலும் நடைபெறுதல் வேண்டும். கிராதியுள்ள தொட்டியை அகற்றிவிட்டு, முகத்துக்கு முகம் அமரும் நாற்காலியை மட்டும் வைத்தலாகாது. 16-ம் நூற்றாண்டில் மிலான் நகரத்து அர்ச். சார்லஸ் பொரோமேயார் கிராதியிட்ட தொட்டியை வற்புறுத்தியபின், நாணமுடையார்க்கு அது நல்லதொரு திரையாக இருந்து வருகின்றது. விரும்புவார்க்கு இரண்டும் இருக்கட்டும். இறுதியாக, ஆறு திங்கள் கழித்து மிஷன் குருமார் ஒருமுறை அதே பங்குக்குத் திரும்பி வருதல் வேண்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் செலவாகாது. பந்தற் செலவில் ஒரு பகுதியே போதும்.

மாணவ நண்பர்க்கும் ஒரு சொல். கற்றவர் தம் குற்றத்துக்கு அழகிய பெயர்களைச் சூட்டவல்லவர். பொறாமையைப் போட்டி என்போம்; சோம்பலை ஓய்வு என்போம்; தேர்வில் பிறன் விடையைப் பார்த்து எழுதுதலை நட்பு என்போம். மனநூல் கற்றவரிடமோ நெருங்கிய நண்பரிடமோ நம் துயரைச் சொல்லி ஆறுதல் பெறுதல் நன்றே. வேண்டுங்கால் அதனை விடுதலும் ஆகாது. ஆனால் அவர் நம் நோயை ஆற்றுவர். நாம் பிறர்க்குச் செய்த தீமையை மன்னிக்கும் அதிகாரம் அவர்க்கில்லை. ‘இது நோயன்று, நான் செய்த தீமை’ என்று ஒருவன் தன் வாயால் உரிய பெயரிட்டுச் சொல்லும் இடம் உலகில் ஒன்றேனும் இருத்தல் வேண்டும். வேற்றுச் சமயத்து நண்பரும் இவ்வளவிற்கு எம்மோடு உடன்படுவர் என நம்புகின்றோம்.

ஒரு மிஷன் வெற்றி பெற்றதா என்று அறிய விரும்புவோர், இறுதிநாட் பவனியில் எரிந்த விளக்குகளை எண்ணற்க. ஆறு திங்கள் கழித்து அவ்வூர்க் கடைத்தெருவுக்குச் செல்க. பழைய கடன்கள் தீர்ந்தனவா, வரப்புத் தகராற்றில் பேசாதிருந்த அண்ணன் தம்பியர் பேசுகின்றனரா, கூலிக்காரனுக்கு நிறுத்தி வைத்த கூலி கைசேர்ந்ததா, குடியனின் வீட்டில் அடுப்பு எரிகின்றதா என்று வினவுக. ஆம் என்னும் விடை கிடைக்குமாயின், அங்கே எவரோ ஒரு குருவானவர், பசியையும் உறக்கத்தையும் பொருட்படுத்தாது, மரத்தொட்டியில் அமர்ந்து பொறுமையுடன் கேட்டிருக்கின்றார் என்று அறிக.